நாளைக் காலை அலை எப்படி இருக்கும்?

அலைச்சறுக்கு கற்கத் தொடங்கிய ஆண்டில், ஒரே வாரத்தில் இரண்டு முறை கடலிடம் தோற்றுத் திரும்பினேன். இரண்டு நாளும் கைபேசித் திரையில் அலை உயரம் 1.2 மீட்டர் என்றே இருந்தது. செவ்வாய்க்கிழமை கடல் உலைநீர்போலக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. குட்டைக் குட்டையான அலைகள், எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்றே பிடிபடாமல், பலகையில் படுத்துக் கையால் துழாவத் தொடங்குமுன் முகத்தில் அறைந்தன. சனிக்கிழமை போனால் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது என்று எண்ணியபடியே உள்ளே போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்து அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. முதல் அலை என்னைப் புரட்டி எடுத்தபோது அது என் தலையைவிட உயரமாக இருந்தது.

அந்த இரண்டு நாட்களுக்கும் இருந்த வேறுபாடு அதே திரையில், உயரத்துக்குப் பக்கத்திலேயே, சிறிய எழுத்தில் இருந்தது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர இடைவெளி: செவ்வாய்க்கிழமை 6 நொடி. சனிக்கிழமை 14 நொடி. நான் அதைப் பார்க்கவே இல்லை.

கணிப்புத் தளங்கள் தருவது பெரும்பாலும் ஆழ்கடலின் கணக்கு. அதை நீங்கள் நிற்கும் கரையின் கணக்காக மாற்றும் வேலை உங்களுடையது. நட்சத்திரக் குறிகளையும் பச்சை, சிவப்பு வண்ணங்களையும் நம்பி அந்த வேலையை விட்டுவிட்டால், நல்ல நாட்களைத் தவறவிடுவீர்கள். ஆபத்தான நாட்களில் போய் நிற்பீர்கள். மாற்றுவது கடினமல்ல. எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதல் படி: உங்கள் கரையின் முகத்தை அறிதல்

வரைபடத்தில் உங்கள் கரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீர் விளிம்புக்குச் செங்குத்தாகக் கடலை நோக்கி ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு காட்டும் திசைதான் கரையின் முகம். அதைப் பாகையில் எழுதிவையுங்கள்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. தென்கிழக்கைப் பார்த்த கரை என்றால் 135. இந்த எண் கையில் இல்லாவிட்டால் இனி வரப்போகும் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது.

அடுத்து, அதே இடத்திலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் எது வழியை மறைக்கிறது என்று பாருங்கள். கடலுக்குள் நீண்ட முனை, தீவு, துறைமுகத்தின் தடுப்புச்சுவர் என எதுவும் மறைப்பாக இருக்கலாம். மறைப்பு இல்லாத பரப்புதான் அலை நுழையும் சன்னல். எடுத்துக்காட்டாக, 100 பாகையிலிருந்து 200 பாகை வரை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பாகையிலிருந்து மூன்று மீட்டர் அலை வந்தாலும் உங்கள் கரையில் முழங்கால் உயரம்கூட எழாமல் போகலாம். இடைவெளி நீண்ட அலைகள் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வரும் என்பதால், சன்னலின் ஓரங்களைக் கத்தியால் வெட்டியதுபோல் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, நீருக்கு அடியில் என்ன இருக்கிறது? மணல் என்றால் அலை உடையும் மணல்திட்டுகள் மாதத்துக்கு மாதம், ஒரு புயலுக்குப் பிறகு ஒரே இரவில்கூட, இடம் மாறும். பாறையோ பவளத்திட்டோ என்றால் அலை ஏறத்தாழ ஒரே இடத்தில் உடையும். ஆனால் விழுந்தால் உடம்பு கிழியும். புதியவர்கள் மணல் கரையோடு நிற்பதே நல்லது. அடித்தளத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்குப் போர்ச்சுகலின் நாசரேவைப் பாருங்கள். கரைக்கு மிக அருகில் வரை வந்து முடியும் ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று அங்கே அலைகளை மடக்கி ஒரே இடத்தில் குவிக்கிறது. பக்கத்துக் கரையில் சாதாரணமாக வரும் அதே அலை அங்கே மலையாக எழுகிறது.

இரண்டாம் படி: அலை பிறந்த ஊரைத் தேடுதல்

அலையின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், அது எத்தனை மணி நேரம் வீசியது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் கடல்மேல் ஓடியது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலை வளராது. சூறைக்காற்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டால் குழப்பமான சிற்றலைதான் மிஞ்சும். ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டு நாள் ஒரே திசையில் வீசினால், காற்று நின்ற பிறகும் அலை தன் வழியே ஓடிக்கொண்டிருக்கும். பிறந்த இடத்தை விட்டு இப்படிப் பயணம் போகும் அலைக்கு ஸ்வெல் என்று பெயர். உங்கள் கண்முன்னே வீசும் காற்று அங்கேயே எழுப்புவதைக் காற்றலை என்று இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

அலைகளைக் கணக்குப்போட்டு முன்கூட்டியே சொல்லும் கலை போர்க்காலத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் கடற்கரைகளில் இறங்குவதற்காக ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்ட்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர்கள் இருவரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் தரையிறங்கியபோதும் அந்த முறை பயன்பட்டது. பிறகு 1963இல் மங்க், நியூசிலாந்திலிருந்து சமோவா, ஹவாய் வழியாக அலாஸ்கா வரை அளவிகளை வரிசையாக வைத்து, தென்துருவப் பக்கத்துப் புயல்களின் அலைகளைப் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே பின்தொடர்ந்தார். புயற்பகுதியை விட்டு வெளியே வந்த நீண்ட அலைகள் வழியில் மிகக் குறைந்த ஆற்றலையே இழக்கின்றன என்று தெரிந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். காலடியில் வந்து நுரைக்கும் அலை, நான் பார்க்கவே போகாத ஒரு பனிக்கடலில் பிறந்திருக்கலாம்.

உங்களுக்கு இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. காற்றின் வரைபடத்தை விண்டி போன்ற தளம் ஒன்றில் திறந்து, உங்கள் சன்னலுக்கு நேரே கடலைப் பின்னோக்கிப் பாருங்கள். பெரிய காற்று மண்டலம் எங்கே இருக்கிறது, அது உங்களை நோக்கி வீசுகிறதா? தூரம் தெரிந்தால் வருகை நேரத்தை நீங்களே போடலாம். ஸ்வெல்லின் இடைவெளியை 2.8 ஆல் பெருக்குங்கள். அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்பது கிடைக்கும். 18 நொடி அலை மணிக்குச் சுமார் 50 கி.மீ., 12 நொடி அலை சுமார் 34 கி.மீ. ஆகவே 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்தவற்றில் 18 நொடி அலைகள் 60 மணி நேரத்தில் வந்துவிடும். 12 நொடி அலைகள் ஒரு நாளுக்கும் மேல் பிந்தி வரும்.

மூன்றாம் படி: உயரம், இடைவெளி, திசை மூன்றையும் சேர்த்து வாசித்தல்

புதியவர்கள் அவசரப்படும் இடம் இது. இங்கே நிதானமாக நில்லுங்கள்.

உயரம் என்று திரையில் வருவது எல்லா அலைகளின் சராசரி அல்ல. உயரத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கு அலைகளை மட்டும் எடுத்து, அவற்றுக்குப் போட்ட சராசரி. கடலை உற்றுப் பார்க்கும் ஒருவர் கண்ணால் மதிப்பிடும் உயரத்துக்கு இது ஏறத்தாழப் பொருந்தும். எனவே அதைவிடச் சிறிய அலைகள்தான் நிறைய வரும். அதே நேரத்தில், நீண்ட நேரம் காத்திருந்தால் அந்த எண்ணைப்போல் இரு மடங்கை நெருங்கும் ஒன்றும் வரக்கூடும். 1 மீட்டர் என்று படித்தால் 1.5 மீட்டருக்கும் மனதைத் தயாராக வைத்திருங்கள்.

இடைவெளி என்பது ஓர் அலை முகடு கடந்து அடுத்த முகடு அதே இடத்துக்கு வர எடுக்கும் நொடிகள். அலையின் குணத்தைச் சொல்வது இதுதான். 7 நொடிக்குக் கீழ் என்றால் பக்கத்தில் பிறந்த காற்றலை, வலுவில்லை, ஒழுங்கில்லை. 8 முதல் 10 நொடி வரை நடுத்தரம். கற்றுக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். 12 நொடியைத் தாண்டினால் தொலைவிலிருந்து வரும் ஸ்வெல். வரிசையாக, வலுவாக வரும். 15க்கு மேல் போனால் மரியாதையோடு அணுகுங்கள்.

காரணம் நீருக்கு அடியில் இருக்கிறது. ஆழ்கடலில் அலையின் நீளத்தை, இடைவெளியை அதே எண்ணால் பெருக்கி மீண்டும் 1.56 ஆல் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். 6 நொடி அலை ஏறத்தாழ 56 மீட்டர் நீளம். 14 நொடி அலை 300 மீட்டரைத் தாண்டும். அலைநீளத்தில் பாதி ஆழத்திலேயே அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். அதாவது முதல் அலை 28 மீட்டர் ஆழத்தில்தான் தரையை உணர்கிறது. இரண்டாவது 150 மீட்டர் ஆழத்திலேயே உணர்ந்து, வேகம் குறைந்து, வளைந்து, உயரத் தொடங்குகிறது. என் செவ்வாய்க்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் கணக்குப் போட்டால், 1.2 மீட்டர், 6 நொடி அலை நேராக வந்து உடையும்போது சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கும், அதே 1.2 மீட்டர், 14 நொடியில் வந்தால் இரண்டு மீட்டரைத் தொடும். செட்டில் வரும் பெரிய அலைகள் அதற்கும் மேலே.

செட் என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். அலைகள் தனித்தனியாக அல்ல, கூட்டமாக வரும். நான்கைந்து பெரியவை, பிறகு நீண்ட அமைதி. இடைவெளி நீளமான நாட்களில் அந்த அமைதி பத்து, பதினைந்து நிமிடம்கூட நீடிக்கும். புதிய ஸ்வெல் வருவதற்கு முன்னோடியாகக் கணிப்பில் '0.3 மீட்டர், 17 நொடி' என்பதுபோல ஒரு வரி தோன்றும். உயரம் அற்பமாகத் தெரிகிறதே என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். பெரிய கூட்டம் பின்னால் வருகிறது என்று சொல்லும் தூதுவன் அது. அடுத்த சில மணி நேரத்தில் உயரம் எப்படி ஏறுகிறது என்று கட்டாயம் பாருங்கள்.

திசை எப்போதும் அலை புறப்பட்டு வரும் பக்கத்தையே குறிக்கும். காற்றுக்கும் அதே வழக்கம். தமிழில் இதற்காகத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை என்று வந்த பக்கத்தை வைத்தே பெயர் சூட்டிய மொழி இது. ஒரே சிக்கல், பல தளங்களில் எண் வரும் பக்கத்தையும், அம்புக்குறி போகும் பக்கத்தையும் காட்டும். 180 என்று எழுதியிருக்கும். அம்பு வடக்கே பார்க்கும். இரண்டும் சரிதான்.

அலையின் திசைக்கும் கரையின் முகத்துக்கும் உள்ள வேறுபாடு 20, 30 பாகைக்குள் இருந்தால் பெரும்பாலான ஆற்றல் உள்ளே வரும். வேறுபாடு கூடக்கூட உயரம் குறையும். ஆனால் முழுக்க நேராக வருவதும் மணல் கரைக்கு எப்போதும் நல்லதல்ல. அலை நீளம் முழுவதும் ஒரே நொடியில் சுவர் இடிவதுபோல் உடைந்துவிடும், சறுக்கிப் போகப் பக்கம் இருக்காது. கொஞ்சம் சாய்வாக வரும் அலைதான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக உரியும்.

கணிப்பில் முதன்மை ஸ்வெல், இரண்டாம் ஸ்வெல், காற்றலை என்று தனித்தனி வரிகள் இருந்தால் அவற்றைத்தான் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிய மொத்த உயரம் ஏமாற்றும்.

நான்காம் படி: காற்று

நல்ல அலையைக் கெடுப்பதும், சுமாரான அலையை அழகாக்குவதும் காற்று. அலை உயரத்தைவிடக் காற்றைப் பார்த்துத்தான் இப்போது நான் எழும் நேரத்தை வைக்கிறேன்.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதை அலைச்சறுக்குக்காரர்கள் ஆஃப்ஷோர் என்பார்கள். அது அலையின் முகத்தில் மோதி, உடைவதைச் சற்றுத் தள்ளிப்போட்டு, பரப்பை வழவழப்பாக்கும். முகட்டிலிருந்து நீர்த்துளிகள் பின்னோக்கிச் சிதறுவதைப் பார்த்தால் அதுதான். கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவது ஆன்ஷோர். அலையை முதுகில் தள்ளி முன்கூட்டியே சரியவைத்து, பரப்பில் சிற்றலைகளைத் தூவிவிடும். கரைக்கு இணையாக வீசுவது இரண்டுக்கும் இடைப்பட்டது. உங்களைக் கரை நெடுகத் தள்ளிக்கொண்டு போகும் என்பதால் நின்ற இடத்தைக் கவனித்தபடியே இருக்க வேண்டும்.

கரையின் முகம் 135 என்றால் அதனுடன் 180ஐக் கூட்டுங்கள்: 315. அந்தப் பக்கமிருந்து வரும் காற்று உங்களுக்கு நேர் ஆஃப்ஷோர். மொத்தம் 360ஐத் தாண்டினால் 360ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

வேகத்துக்கு நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை. மணிக்கு 10 கி.மீ.க்குள் எந்தத் திசையானாலும் பெரிதாகக் கெடுக்காது. கடலிலிருந்து 15ஐத் தாண்டினால் பரப்பு குலையும். 25 என்றால் வீட்டிலேயே இருக்கலாம். நிலத்திலிருந்து 10 முதல் 20 வரை அருமை. நிலத்திலிருந்து 30ஐத் தாண்டும் காற்று பார்வைக்கு அழகு, புதியவருக்கு ஆபத்து. பலகை படகுப் பாய்போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், கை களைத்த நேரத்தில் உங்களைக் கடலுக்குள் கொண்டுபோகும். அந்த நாளில் இறங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில தளங்கள் நாட் அளவில் காட்டும். 1 நாட் 1.85 கி.மீ. சராசரி வேகத்தோடு திடீர் வீச்சின் வேகமும் தரப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருந்தால் காற்று நிலையில்லாதது.

ஒரு நாளுக்குள் காற்று எப்படிப் புரளும் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். இரவில் நிலம் கடலைவிடக் குளிர்வதால் மெல்லிய நிலக்காற்று கடலுக்கு இறங்கும். விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நீடிக்கும். வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதன்மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் உச்சம் தொடும். வானம் மூடியிருந்தால் பலவீனமாக இருக்கும், தாமதமாக வரும். மாலையில் வெயில் தணிந்ததும் சில நாட்களில் காற்று முற்றிலும் விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகும். விடியற்காலையில் போகச் சொல்வது இதனால்தான்.

எண்ணை நம்பாமல் கண்ணால் அளக்க ஒரு வழி: கடலில் ஆங்காங்கே வெள்ளை நுரை முகடுகள் தெரியத் தொடங்கினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 20ஐத் தாண்டிவிட்டது. போஃபோர்ட் அளவுகோலில் இவை மூன்றாம், நான்காம் நிலை.

ஐந்தாம் படி: ஏற்றமும் வற்றமும்

கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையில் இரண்டைப் பாருங்கள்: ஏற்றம், வற்றம் எத்தனை மணிக்கு; இரண்டுக்கும் இடையில் எத்தனை மீட்டர். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேறுபாடு பெரிதாகும், அரைநிலவு நாட்களில் சுருங்கும்.

அலை தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். 1 மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் நீர். ஆகவே நீர்மட்டம் ஏறி இறங்க, உடையும் இடமும் நகரும். வற்றத்தில் மணல்திட்டின் மேல் நீர் மெலிந்து அலை சட்டென்று கவிழலாம். உச்ச ஏற்றத்தில் திட்டைக் கவனிக்காமலே கடந்து கரை விளிம்பில் போய் மோதலாம். எந்த மட்டம் உங்கள் கரைக்கு ஏற்றது என்பதை யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தெரியும்வரை, வற்றத்துக்குப் பிறகு நீர் ஏறத்தொடங்கும் இரண்டு, மூன்று மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். வேறுபாடு அரை மீட்டர்கூட இல்லாத கரை என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

ஆறாம் படி: ஒரு காலைப்பொழுதைக் கணித்துப் பார்த்தல்

கரையின் முகம் 135, சன்னல் 100 முதல் 200 வரை, அடியில் மணல். முந்தின நாள் மாலை கணிப்பு இப்படிச் சொல்கிறது: முதன்மை ஸ்வெல் 0.7 மீட்டர், 12 நொடி, 160 பாகை. இரண்டாவது 0.4 மீட்டர், 5 நொடி, 90 பாகை. காற்று காலை 6 மணிக்கு வடமேற்கிலிருந்து 8 கி.மீ., 10 மணிக்குத் திசை நிலையில்லை, 12 மணிக்குத் தென்கிழக்கிலிருந்து 22. வற்றம் 5.40, ஏற்றம் 11.50.

வாசிப்போம். 160 சன்னலுக்குள் இருக்கிறது. முகத்திலிருந்து 25 பாகை விலகல், நல்ல சாய்வு. 0.7 மீட்டர், 12 நொடி நேராக வந்தால் சுமார் 1.2 மீட்டரில் உடையும். விலகலுக்காகக் கொஞ்சம் குறைத்து 1 மீட்டர் என்று வைக்கலாம். இடுப்பிலிருந்து மார்பு வரை, செட்டில் அதற்கு மேலும். இரண்டாவது அலை சன்னலுக்கு வெளியே, இடைவெளியும் குட்டை. பரப்பில் லேசான சலசலப்போடு போய்விடும். காலைக் காற்று 315இலிருந்து, அதாவது நேர் ஆஃப்ஷோர், மெல்லியது. 10 மணிக்குத் திசை நிலையில்லை என்பதற்குக் கடற்காற்று வாசலில் நிற்கிறது என்று பொருள். 12 மணிக்கு எல்லாம் குலைந்திருக்கும். நீர் 5.40இலிருந்து ஏறுகிறது.

முடிவு: 6.45க்குக் கரையில் நிற்பது, 7 மணியளவில் இறங்குவது, 9.30க்குள் வெளியேறுவது. நின்று பழகியவர் உடையும் இடம் வரை போகலாம். முதல் சில வாரத்தில் இருப்பவர் உடைந்து வரும் வெள்ளை நுரையிலேயே இருக்கட்டும். 12 நொடி அலையின் நுரைக்கும் தள்ளும் வலு நிறைய உண்டு.

எவ்வளவு முன்னதாகக் கணிக்கலாம்?

தளங்கள் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் கணினிக் கணிப்பு மாதிரிகள் சிலவே. காற்றுக்கு அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் இசிஎம்டபிள்யூஎஃப். அலைக்கு வேவ்வாட்ச் 3 போன்றவை. ஜிஎஃப்எஸ் நாளொன்றுக்கு நான்கு முறை புதிதாக ஓடுகிறது. ஆகவே நேற்றுப் பார்த்த எண்ணை வைத்து இன்று கிளம்பக் கூடாது. இரவு ஒரு முறை, புறப்படுமுன் ஒரு முறை பாருங்கள். நேரம் உங்கள் உள்ளூர் நேரமா, உலகப் பொது நேரமா என்பதையும் தளத்தின் ஓரத்தில் சரிபாருங்கள். அதைக் கவனிக்காமல் நல்ல காலைப்பொழுதுகளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொலைவுப் புயலின் ஸ்வெல்லை மூன்று, நான்கு நாள் முன்பே ஓரளவு நம்பலாம், ஏனென்றால் அலை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. உள்ளூர்க் காற்றை ஒன்று, இரண்டு நாளுக்கு மேல் நம்புவதற்கில்லை. மாதிரிகள் கடலைப் பல கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பவை. உங்கள் குன்றின் மறைப்பும் ஆற்றின் முகத்துவாரமும் அந்தக் கட்டத்துக்குள் தொலைந்துபோகும். இரண்டு மாதிரிகளும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும், முரண்பட்டால் காத்திருங்கள். ஏழு நாளுக்கு அப்பால் இருப்பதை வைத்து விடுப்பு எழுதிக்கொடுக்காதீர்கள்.

கடலில் அளவு மிதவை இருந்தால் அதுவே மெய்யான சாட்சி. உங்கள் சன்னலின் திசையில் 300 கி.மீ. தொலைவில் உள்ள மிதவை 14 நொடி அலையைக் காட்டினால், அது ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் உங்களிடம் வந்துவிடும்.

ஏழாம் படி: கரையில் நின்று இருபது நிமிடம்

வண்டியை நிறுத்தியதும் ஓடாதீர்கள். இருபது நிமிடம் நின்று பாருங்கள். ஒரு செட்டையாவது முழுமையாகப் பார்க்காமல் இறங்கக் கூடாது. முதல் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே நொடிகளை எண்ணுங்கள். பத்து அலைக்கு எடுத்த மொத்த நேரத்தைப் பத்தால் வகுத்தால் துல்லியம் கூடும். கணிப்பு 9 என்றிருக்க, கையில் 14 வந்தால், புதிய ஸ்வெல் முன்கூட்டியே வந்துவிட்டது. திட்டத்தை மாற்றுங்கள்.

அலை உடையாமல் இருக்கும் ஓர் இருண்ட பட்டை, அதன் இருபுறமும் வெண்ணுரை, நடுவில் நுரையும் கலங்கலும் கடலை நோக்கி நகர்வது தெரிந்தால் அதுதான் இழுவை நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று புதியவர்கள் இறங்கத் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுவே. அலை பெரிதாகும் நாளிலும், நீர் வற்றும் நேரத்திலும் அதன் வலு கூடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராட வேண்டாம். பலகையை விடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து நுரை உள்ள பகுதிக்கு வாருங்கள். முடியாவிட்டால் பலகைமேல் படுத்துக் கையை உயர்த்துங்கள். உயிர்காப்பாளர் இருக்கும் கரை, உடன் ஒருவர், காலில் கட்டும் கயிறு: இவை மூன்றும் இல்லாமல் எவ்வளவு நல்ல கணிப்பாக இருந்தாலும் இறங்காதீர்கள்.

எட்டாம் படி: குறிப்பேடு

ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம், கிளம்புமுன் நீங்கள் போட்ட கணிப்பு: உயரம், இடைவெளி, திசை, காற்று, நீர்மட்டம், 'மார்பு உயரம், 9 மணி வரை சுத்தம்' என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி. வலப்பக்கம், திரும்பி வந்து உடம்பு காயுமுன் எழுதியது: உண்மையில் எவ்வளவு இருந்தது, எந்தப் பக்கம் உரிந்தது, காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது. முன்கூட்டி எழுதாமல் பின்னால் மட்டும் எழுதினால் எல்லாம் தெரிந்திருந்ததுபோலவே தோன்றும். கற்க எதுவும் இருக்காது.

முப்பது பக்கம் சேர்ந்த பிறகு என்னுடையதைப் புரட்டிப் பார்த்தபோது, வெயில் கடுமையான மாதங்களில் எங்கள் கரையில் கடற்காற்று கணிப்பைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துகொண்டிருந்தது தெரிந்தது. 170 பாகைக்கு மேலிருந்து வரும் ஸ்வெல் எப்போதும் திரையில் சொன்னதைவிடச் சிறிதாகவே உள்ளே வந்தது. தெற்கே உள்ள முனை அதை மறைக்கிறது. இந்த இரண்டும் எந்தத் தளத்திலும் இல்லை. அதன் பிறகு வெயில் மாதங்களில் அலாரத்தை நாற்பது நிமிடம் முன்னால் வைக்கிறேன். 180 பாகை என்று பார்த்தால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை வைத்துத்தான் எந்தப் பலகையை எடுத்துப்போவது என்று முடிவு செய்கிறேன்.